மாவிஸ் தூக்கிய கை

கார்வின் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் மாவிஸ் ஹ்ரிட்சுக்குக்கு ஐம்பத்தெட்டு வயது. நவம்பர் தொடங்கி மார்ச் வரை, காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் நேரே கர்லிங் கூடத்துக்குப் போய்விடுவாள். கர்லிங் என்பது கனமான கல்லைப் பனியில் சறுக்கிவிட்டு ஆடும் ஆட்டம். இரண்டு பனித்தடங்களையும் சீவிவிட்டு, தண்ணீர்த் தகரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு, பின்னாலேயே நடந்து பொடித்துளியாகத் தெளிப்பாள். துளிகள் உறைந்து புள்ளி புள்ளியாக நின்றால்தான் கிரானைட் கல் ஓடும். வெறும் வழவழப்பில் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடும். இதற்குச் சம்பளம் ஒன்றும் கிடையாது. கேட்டால், "வீட்ல இருந்தா ஸ்டான் கூட உக்காந்து வானிலை அறிக்கை பாக்கணும். அதுக்கு இது தேவல" என்பாள். ஸ்டான் அவள் கணவன். மைனஸ் முப்பது என்று டிவி சொன்னால்தான் அவனுக்குக் குளிரும்.

மாவிஸ் ஒலிம்பிக் போனவள். ஆனால் எங்கள் ஊரில் அவளுக்குப் பெயர் வந்தது அதனால் இல்லை. கை தூக்கினதால்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன் நடந்தது. குளிர்கால ஒலிம்பிக்குக்கு எந்த அணி போவது என்று முடிவு செய்யும் கடைசி ஆட்டம். இந்தப் பக்கம் ஐவி தலைமையில் மாவிஸின் அணி. அந்தப் பக்கம் மானிட்டோபா மாகாணத்தின் கிம்லி ஊரிலிருந்து வந்த ரூனா தோர்சனின் அணி. கடைசிக் கல் ஐவியுடையது. பனித்தடத்தின் கோடியில் வரைந்த வட்டத்தின் நடுப்புள்ளிக்குப் பக்கத்தில் ரூனாவின் கல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதைவிட உள்ளே போய் ஐவியின் கல் நின்றால் ஒலிம்பிக். நிற்காவிட்டால் வீடு.

ஓடும் கல்லுக்கு முன்னால் துடைப்பத்தால் பனியைத் தேய்த்தால் கல் நேராகவும் தூரமாகவும் போகும். வழியில் நின்ற இன்னொரு கல்லை ஒட்டிக் கடக்க வேண்டியிருந்ததால் மாவிஸ் உயிரைக் கொடுத்துத் தேய்த்தாள். கல் கடந்துவிட்டது. ஆனால் வேகம் கூடிப்போய்விட்டது. "விடு! விடு!" என்று தேய்ப்பதை நிறுத்தச் சொல்லி ஐவி கத்தினாள். மாவிஸ் துடைப்பத்தை எடுக்கும்போது அதன் ஓரம் கல்லில் பட்டது. கல் ஒரு சிட்டிகை தளர்ந்து, ரூனாவின் கல்லைவிட ஒரு விரல்கடை உள்ளே நின்றது.

யாரும் பார்க்கவில்லை. மாவிஸின் முதுகு மறைத்துவிட்டது. ஓடும் கல்லைத் துடைப்பம் தொடக் கூடாது. ஆனால் எங்கள் ஆட்டத்தில் இதற்கு நடுவர் விசில் ஊதுவதில்லை. தொட்டவர்தான் சொல்ல வேண்டும். மாவிஸ் கையைத் தூக்கினாள். "தொட்டுட்டேன்."

தொட்டவர் சொல்லிவிட்டால், முடிவு எதிரணித் தலைவியுடையது. கல்லை அப்படியே விடலாம், எடுத்துப் போடலாம், அல்லது தொடாமலிருந்தால் எங்கே போயிருக்குமோ அங்கே வைக்கலாம். ரூனா குனிந்து கல்லைப் பார்த்தாள். பிறகு மாவிஸைப் பார்த்தாள்.

"அதனால கல்லுக்கு ஏதாவது ஆச்சா?"

"தெரியல" என்றாள் மாவிஸ்.

"அப்ப அப்படியே இருக்கட்டும்."

கூடமே எழுந்து நின்று கை தட்டியது. ஆட்டம் முடிந்தால் ஜெயித்தவர் தோற்றவருக்கு ஒரு கிளாஸ் வாங்கித் தர வேண்டும், இருவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். அது எங்கள் வழக்கம். மாவிஸ் ரூனாவுக்கு ரை விஸ்கி வாங்கிக் கொடுத்தாள். ரூனா அழுத கண்ணோடு கிளாஸை இடித்துவிட்டுக் குடித்தாள். மாவிஸ் தன் கிளாஸைக் குடிக்காமலே வைத்துவிட்டாள்.

தெரியல என்றது பொய். துடைப்பத்தின் கைப்பிடி வழியாக அவள் உள்ளங்கைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கல் தளர்ந்தது தெரியும். தளராவிட்டால் எங்கே போயிருக்கும் என்பதும் தெரியும். பதினொரு வயதிலிருந்து பனி தேய்க்கிறவளுக்கு இது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஒலிம்பிக்கில் அவர்கள் ஆறாவதாக வந்தார்கள். அங்கே மாவிஸின் துடைப்பம் கல்லை நெருங்கவே பயந்தது. எப்போதும் ஒரு சாண் தள்ளியே தேய்த்தாள். நேராகப் போக வேண்டிய கற்கள் வளைந்து போயின. "உனக்கு என்னடி ஆச்சு?" என்று ஐவி கேட்டுப் பார்த்து, அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டாள். ரூனாவின் அணி அதற்குப் பிறகு அந்த வாசல்வரை வரவே இல்லை.

ஊருக்கு அதெல்லாம் நினைவில்லை. நினைவிருப்பது தூக்கின கை மட்டும். பேருந்தில் யாராவது ஜன்னலில் மென்ற சூயிங்கத்தை ஒட்டிவிட்டால், "மாவிஸ் மாதிரி கை தூக்குங்கடா!" என்று பிள்ளைகளே கத்துவார்கள். மாவிஸ் கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

இந்தப் பிப்ரவரியில் கூடத்து நிர்வாகக் குழுவுக்கு நல்லெண்ணம் பீறிட்டுவிட்டது. நேர்மையாக ஆடும் இளையவருக்கு வருஷா வருஷம் ஒரு கோப்பை. பெயர், மாவிஸ் ஹ்ரிட்சுக் கோப்பை. அதைக் கொடுக்க வருகிறவள், அறுபத்தாறு வயது ரூனா தோர்சன். சனிக்கிழமை மதிய விருந்துக்கு முன்னால் அவளே மேடையேறி அந்தக் கதையைச் சொல்வாள். பெண்கள் முட்டைக்கோஸ் இலையில் சோறும் கறியும் வைத்து நூற்றைம்பது சுருட்டினார்கள். மாவிஸ் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. உண்மையைச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் பெயர் எல்லாம் கோப்பையில் அந்தப் பொய்க்குக் கீழே வரிசையாக ஏறும். சொன்னால், இந்த ஊரில் அவளிடம் இருக்கும் ஒரே சொத்து, அந்த நல்ல பெயர், போய்விடும்.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் தனியாகப் பனிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ரூனா கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மேல ஒருத்தியும் காபி சரியா போடல. இங்கயாவது பனி சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்."

"ரூனா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இடுப்பு எலும்பு பத்திக் கேக்காத. அத தவிர எது வேணாலும் பேசு."

"அன்னிக்கு நீ கேட்டப்ப தெரியலன்னு சொன்னேன்ல. எனக்குத் தெரியும். நான் தொட்டதாலதான் கல்லு நின்னுச்சு. இல்லன்னா உன் கல்லத் தாண்டிப் போயிருக்கும்."

ரூனா கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் உன்ன நம்பினேன்டி" என்றாள். "நான் பாக்கல. அதனாலதான கேட்டேன்? கிம்லில ஆட வர்ற பொண்ணு ஒருத்தி விடாம உன் கதையச் சொல்லி வளத்திருக்கேன். ஒருத்தி இருந்தா, கை தூக்கினான்னு. டிவில நீங்க ஆடினப்ப, நல்லவளாவது போயிருக்காளேன்னு மனச தேத்திக்கிட்டேன். இத்தன வருஷம் விட்டுட்டு இப்ப சொல்ற!"

"தப்புதான். மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

"வராது. எப்படி வரும்?" ரூனா கைத்தடியால் பனியை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு, "சரி. தொட்டவ சொல்லியாச்சு. முடிவு என்னுது. அதான சட்டம்?"

"அதான்."

"ரெண்டு கல்லு எடு."

மாவிஸ் ஒன்றை வட்டத்தின் நடுப்புள்ளிக்கு அருகே தள்ளி வைத்தாள். அது ரூனாவின் கல். எந்த இடம் என்று இருவருக்கும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

"இப்ப உன்னோடத, எங்க போயிருக்குமோ அங்க வை."

மாவிஸ் குனிந்து, இரண்டாவது கல்லைக் கையால் தள்ளினாள். உள்ளே நின்ற இடத்தைத் தாண்டி, நடுவைத் தாண்டி, ரூனாவின் கல்லைவிட ஒரு சாண் வெளியே போய்க் கையை எடுத்தாள். இருபத்தைந்து வருஷமாக அவள் உள்ளங்கை அறிந்த இடம் அதுதான். எடுத்த பிறகு அவளால் நிமிர முடியவில்லை, அழுதாள்.

ரூனா வட்டத்துக்குப் பின்னால் போய் நின்று, தலைவி பார்க்கிறது மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்.

"அப்ப ஜெயிச்சது நான்."

"நீதான்."

"விருந்துக்கு முன்னாடி கதைய நீ சொல்ற. முழுசா. நான் பக்கத்துல நிப்பேன். உனக்குத் துணைக்குன்னு நெனச்சுக்காத. ஒரு வார்த்த விடாம சொல்றியான்னு பாக்க. கோப்பைக்கு என்ன பேரு வைக்கறதுன்னு அப்புறம் அந்தப் பிள்ளைங்களே சொல்லட்டும்."

"சரி."

ரூனா கைத்தடியை ஊன்றிப் படிவரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பினாள். முகத்தில் கோபம் இன்னும் அப்படியே இருந்தது.

"இன்னும் என்ன அங்க நின்னுட்டிருக்க? ஜெயிச்சவதான் வாங்கித் தரணும். என்ன குடிக்கற?"

மாவிஸ் தண்ணீர்த் தகரத்தை முதுகிலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள்.

"ரை" என்றாள். "அன்னிக்கு நீ குடிச்சதே."