சங்கத்து டீச்சரின் மகள்

எங்கள் ஆசிரியர் சங்கத்தின் கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சனிக்கிழமை நடப்பதாக இருந்தது. பொருள், அரசுப் பள்ளிகளைக் காப்பது. கடைசி நேரத்தில் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். சங்கத்தில் பாதிப் பேருக்கு அந்தச் சனிக்கிழமைதான் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியில் பெற்றோர் கூட்டமாம். எனக்கும்தான். வெட்கக்கேடு! அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் தொடக்கப் பள்ளி. மொத்தம் ஒன்பது பிள்ளைகள். ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு பேராவது வராவிட்டால் மூடிவிட்டு, மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பள்ளியோடு சேர்த்துவிடுவோம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோடு. அதை என் பிள்ளைகள் தினமும் கடக்க வேண்டுமாம். விடுவேனா நான்?

மே மாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு ஐந்து வயது மகன். இலவசச் சீருடை, காலைச் சாப்பாடு என்று நான் அடுக்கியதையெல்லாம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி டீச்சர். ஒங்க பிள்ள எங்க படிக்குது?" என்றார்.

"ராஜபாளையத்துல."

"கவர்மெண்ட்டு ஸ்கூலா?"

"இல்ல, பிரைவேட்டு" என்றேன்.

"ஒங்க சோத்த நீங்க சாப்பிட மாட்டேங்கீக. எங்களுக்கு மட்டும் பரிமாற வாரீகளே!"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் ஏறிப் பாதி வழி போன பிறகுதான் கோபம் அந்தப் பெண் மேல் இல்லை, என் மேல்தான் என்று எனக்கே விளங்கியது. அந்தக் காலத்தில் பள்ளி நிர்வாகி நினைத்தால் ஆசிரியரை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதை எதிர்த்துச் சங்கம் கட்டினவர்களால்தான் எனக்கு இந்த நிலையான வேலை. அந்த வேலை தரும் சம்பளத்தில்தான் மகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"பாப்பாவ என் ஸ்கூல்லயே ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கப் போறேன்" என்றேன் வீட்டில்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? ஊரே சிரிக்கும்" என்றார் கணவர்.

"சிரிக்கட்டும்."

மகள் கேட்டாள், "அங்க எனக்கு மிஸ் யாரும்மா?"

"நான்தான்."

"நல்லா சொல்லித் தருவியா?"

பதினாறு வருஷ சர்வீஸில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. "தருவேன்டி" என்றேன்.

பள்ளி திறந்த அன்று சேர்க்கைப் பதிவேட்டில் முதல் பெயராக அவள் பெயரை எழுதினேன். இன்னும் ஒரு பிள்ளை வேண்டும். பத்து மணிக்கு தறி வேலை பார்க்கும் அந்தப் பெண் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, ஜன்னல் வழியாக என் மகளையே பார்த்தார்.

"இதான் ஒங்க மகளா? எங்களுக்குக் காட்டுறதுக்காக இன்னைக்கு மட்டும் உக்கார வச்சிருக்கீகளா?"

பதிவேட்டை அவர் முன்னால் திருப்பி வைத்தேன். "அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் இங்கதான். பாத்துக்கோங்க."

விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். மகனை வகுப்புக்குள் அனுப்பினார்.

"இவன் பேரையும் எழுதுங்க. ஒங்க மகளுக்குச் சொல்லித் தாரத அப்படியே இவனுக்கும் சொல்லித் தரணும் டீச்சர். ஒரு எழுத்துக்கூடக் கொறையக் கூடாது."