எஞ்சினை அணைத்துப் பார்த்த எண்ணெய்

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் மோட்டார் வேலையில் டிப்ளமாவும் வாங்கினேன். தாயில்பட்டிப் பக்கம் அப்பா கூலிக்குப் போன பட்டாசுக் கம்பெனியிலேயே வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. லாரி இரண்டு, முதலாளி மதராஸில் பழசாக வாங்கிவந்த அமெரிக்கக் கார் ஒன்று. அந்தக் காருக்குக் கிளச் கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். அப்படி ஒரு வண்டியை நான் அதற்கு முன் தொட்டதில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை, கம்பெனி கேட்டுக்கு வெளியே டிரைவர் காரைக் கிளப்பிக் கியரைப் போட்டார். கார் நகரவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. எங்கள் தெரு அக்கா ஒருவர், வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டுகிறவர், வண்டி நிற்கிறதே என்று முன்னால் குறுக்கே நடந்தார். அப்போது கார் பாய்ந்தது. அக்காவின் வலது கால் முட்டிக்குக் கீழே நொறுங்கிப்போனது.

"மொதலாளி, வண்டி கேக்காம நின்னுச்சு. பெறகு அதுவாப் பாஞ்சிருச்சு" என்றார் டிரைவர். ஆமத்தூர்க்காரர், நாற்பது வயதிருக்கும்.

"ராத்திரி ஊத்துனது இன்னும் எறங்கலையோ?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். டிரைவர் குடிக்கிறவர் இல்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். "கோளாறு வண்டிலயா, இவன்ட்டயா? பாத்துச் சொல்லுப்பா."

வெடிமருந்து இருக்கிற இடம் என்பதால் கேட்டுக்குள் எந்த வண்டியின் எஞ்சினும் ஓடக் கூடாது. அணைத்துவிட்டு நாலு பேர் தள்ளிக்கொண்டு போவார்கள். அந்தக் காரையும் அப்படித்தான் ஷெட்டுக்குத் தள்ளினோம். கியர்ப்பெட்டிக்கென்று தனி எண்ணெய் உண்டு, அதன் அளவைப் பார்க்க ஒரு கம்பி உண்டு. லாரியில் எஞ்சின் எண்ணெயை எப்படிப் பார்ப்பேனோ அப்படியே, எஞ்சின் அணைந்திருக்க, கம்பியை உருவிப் பார்த்தேன். மேல்கோடு வரை எண்ணெய் பளபளத்தது.

டிரைவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, படிச்சிருக்கீக. நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"எண்ணெய் நிறைய இருக்குண்ணே. வண்டில ஒண்ணுமில்ல."

"படிச்ச பய சொல்லிட்டான்ல" என்றார் முதலாளி. அன்றே டிரைவரை அனுப்பிவிட்டார். காரை ஓட்டும் வேலையும் எனக்கே வந்தது.

கியரைப் போட்டதும் கார் ஒரு கணம் சும்மா நிற்கும். பிறகுதான் நகரும். முதல் நாளே அது எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய வண்டி அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த ஒரு கணத்தில் ஒவ்வொரு தடவையும் முன்கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் குறுக்கே நடந்துபோவாள். அன்று அக்கா கட்டியிருந்த சேலை, நிறம்கூட மாறாது. வெறும் ரோடுதான் என்று தெரிந்தும் பிரேக்கில் காலை அழுத்துவேன். அந்தக் கணம் நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனது.

நாலாவது மாதம், விருதுநகர் பஜாரில், உச்சி வெயிலில் கார் நின்றுவிட்டது. எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சுற்றிக்கொண்டார்கள்.

"பேய் புடிச்ச காருன்னு தாயில்பட்டியே சொல்லுது. சாமியாடியக் கூப்பிடாம டிப்ளமாவ எதுக்கு அனுப்புனாக?"

"ஒரு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துங்க தம்பி, பறக்கும்!"

எல்லாரையும் முன்னாலிருந்து விலக்கினேன். கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, எஞ்சின் ஓட ஓடவே பானட்டைத் திறந்து கம்பியை உருவினேன். நுனியில்கூட ஈரமில்லை. எஞ்சினை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்து உருவினேன். மேல்கோடு வரை எண்ணெய். மறுபடி கிளப்பினேன், காய்ந்த கம்பி. மறுபடி அணைத்தேன், எண்ணெய் வந்து நின்றது.

பேயுமில்லை, ஒன்றுமில்லை. ஓடும்போது எண்ணெய் மேலேறிக் கியர்ப்பெட்டிக்குள் சுழலும். அணைத்தால் எல்லாம் அடித்தொட்டிக்கு இறங்கி நிறைந்ததுபோல் காட்டும். உண்மையான அளவை எஞ்சின் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் பிடிமானம் கிடைக்காமல் வண்டி நிற்கும். கிடைத்ததும் பாயும். அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு குழாய் மூட்டில் கசிவு, அதுவும் எஞ்சின் ஓடினால் மட்டும். கேட்டுக்குள் ஓடவே விடாத வண்டி, ஷெட் மணலில் ஒரு சொட்டுகூடச் சிந்தியதில்லை.

முதலாளியிடம் சொன்னேன். "மூட்ட அடைச்சு எண்ணெய ஊத்து. போனதக் கிண்டாத" என்றார்.

ஆமத்தூருக்குப் போனேன். டிரைவர் யாருடைய கரிசல் காட்டிலோ பருத்திக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கோளாறு வண்டிலதாண்ணே. தப்பாப் பாத்துட்டேன்."

அவர் நிமிரவில்லை. "அது எனக்குத் தெரியும் தம்பி. என்ட்ட எதுக்குச் சொல்றீக? கால் போச்சே, அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். 'குடிகாரன உள்ள விடாதீக'ன்னு கத்துச்சு."

அன்று சாயங்காலமே அக்காவின் வீட்டு வாசலில் நின்றேன். கால் கோணலாகக் கூடியிருந்தது. நான் சொல்லச் சொல்ல அக்கா கைவேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏலே, தெரியலேன்னா தெரியலேன்னு சொல்ல வேண்டியதுதான? வாய் வலிக்குமா?"

"படிச்சவன்னு எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாகக்கா."

அக்கா சுவரில் சாய்த்திருந்த கம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. "காலைல என்னைய ஆமத்தூருக்குக் கூட்டிட்டுப் போ. கார்ல வேண்டாம். பஸ்ல."

மறுநாள் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும்போது அக்காவின் விரல்கள் முன்சீட்டுக் கம்பியை வெளுக்க வெளுக்கப் பிடித்துக்கொண்டன. ஆமத்தூரில் இறக்கிவிட்டேன்.

"நீ இங்கனயே நில்லு" என்றார்.

கம்பை ஊன்றிக்கொண்டு, காட்டுப் பாதையில் காலை இழுத்து இழுத்துப் போனார். தூரத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் வந்ததில்லை.