பாரீஸ் அம்மா கேட்ட வீடியோ

வீடியோக் கடைத் தொழிலில் கல்யாணம் முடிந்த மறுநாள்தான் சண்டையே ஆரம்பிக்கும். தாலி கட்டும்போது அத்தையின் முதுகு மறைத்தது, பந்தியில் மாமா வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டியது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள்தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து திட்டு வாங்கிய சகபாடிகளே, இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது, சத்தியம். ஆனால் இப்போதே தரமாட்டேன். நான் இரண்டு மாதம் காத்திருந்தேன். நீங்கள் இரண்டு பக்கம் காத்திருக்கக் கூடாதா?

பிளஸ் டூ முடித்துவிட்டு அனிமேஷன் படிப்புக்கு இடம் தேடிக்கொண்டிருந்தேன். வில்லியனூரில் முருகையன் அண்ணன் கடையில் எடிட்டிங் வேலை. எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. கல்லூரியில் காட்டவேண்டிய என் குட்டிப் படம் கடைக் கம்ப்யூட்டரில்தான் பாதி முடிந்து கிடந்தது. கடையை விட்டுத் துரத்தினால் படமும் போச்சு, படிப்பும் போச்சு. இது தெரிந்தும் நான் வாலைச் சுருட்டிக்கொள்ளவில்லை. யார் பேசினாலும் அவர் குரல் என் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், அதற்கு நான் என்ன செய்ய? பள்ளியில் தலைமையாசிரியை குரலில் ஒரு வகுப்புக்கே விடுமுறை விட்டிருக்கிறேன்.

மஞ்சள் வைத்த பென் டிரைவ்

முருகையன் அண்ணனுக்கு ஒரு வழக்கம். கல்யாண வீடியோவின் முதல் பிரதியை வெறுங்கையில் கொடுக்கமாட்டார். பென் டிரைவின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலைத் தட்டில் வைத்துத்தான் நீட்டுவார். மஞ்சளைக் குழைத்துத் தடவுவார் என்பதுதான் சிக்கல். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் டிவியில் சொருகினால், டிவி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இணையத்தில் ஏற்றி லிங்க் அனுப்பிவிடலாமே என்றால், லிங்க்குக்கு எந்த மூலையில் மஞ்சள் வைப்பது என்று கேட்பார். அந்த வாரமும் ஒதியம்பட்டிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்தார். கோபமே இல்லை அவரிடம். மஞ்சள் காய்ந்த பென் டிரைவை மேசைமேல் வைத்துவிட்டு அண்ணனிடம் நிதானமாகச் சொன்னார்: "மங்களகரமா இருக்குது தம்பி. படம்தான் இல்ல."

இனாம் என்றால் இளக்காரம்

வெப்எம் என்று ஒரு வீடியோ வடிவம் இருக்கிறது. இணையத்தில் ஓடுவதற்கென்றே செய்தது. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், யாருக்கும் உரிமைக் கட்டணம் கட்ட வேண்டாம். வேறு எதையும் இறக்காமல் பிரவுசரிலேயே ஓடும். கடையில் வழக்கமாகக் கொடுக்கும் எம்பிஃபோர் வடிவத்தில் யானை மாதிரி இருக்கும் கல்யாணம் இதில் கன்றுக்குட்டி அளவுக்கு வரும், தெளிவும் கெடாது. ஒரே வளைகாப்பை இரண்டு விதமாகவும் செய்து அண்ணனுக்கு ஓட்டிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் ஜெயித்திருப்பேன். யார் செய்தது, என்ன விலை என்று கேட்டார். யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி எல்லோருக்கும் பொது, இனாம் என்று சொல்லித் தொலைத்தேன். முகம் சுண்டிப்போயிற்று. எழுந்துபோய் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேப்பர் வைத்துக்கொண்டே சொன்னார்: "எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் இனாமா புடவ குடுக்கறாங்க ஜனனி. எத்தினி பொம்பளைங்க அத்த கல்யாணத்துக்குக் கட்டினு வராங்க?"

உறுவையாற்று நிச்சயம்

உறுவையாறு ஏழுமலை ஐயா கரும்பு வைத்திருப்பவர். அவர் பெண்ணுக்கு நிச்சயம் ஆயிற்று, வீடியோ எங்கள் கடைதான். மாப்பிள்ளையின் அம்மா பாரீஸில் இருக்கிறார். முழங்கால் ஆபரேஷன் என்று வரவில்லை. தட்டு மாற்றியதை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கல்யாணத் தேதி என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் பார்த்து சாலையைத் தோண்டிக் கடையின் இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். போனிலிருந்து நெட் எடுத்து எம்பிஃபோரை ஏற்றினோம். முக்கால்வாசி போய் அறுந்தது. மறுபடி ஏற்றினோம், பாதியில் அறுந்தது. தரத்தைக் குறைத்தால் பட்டுப்புடவைக் கரை புழுதி மாதிரித் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வரை இப்படியே. வெப்எம் என்று நான் வாயெடுத்தபோதெல்லாம் அண்ணன் கையைக் காட்டி அடக்கினார். ஏழுமலை ஐயா ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சுற்றும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்போது அண்ணனிடம் மெதுவாகச் சொன்னார்: "சம்பந்தியம்மா பாக்காத நிச்சயம் நடக்காத நிச்சயந்தான் தம்பி. உன்னால முடியலன்னா சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

லேண்ட்லைன்

சனிக்கிழமை மதியம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முருகையன் அண்ணன் என் பேச்சைக் கேட்கமாட்டார், வாடிக்கையாளர் பேச்சைத் தட்டமாட்டார். கடையில் ஒரு பழைய லேண்ட்லைன் உண்டு. யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டாது. சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பி, மாட்டுத் தீவனக் கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே நின்று டயல் பண்ணினேன். பாரீஸ் அம்மாவின் குரலை நான் கேட்டதே இல்லை; இருந்தும் அவராகவே பேசினேன். மூக்கால் பேசி, ஆமாம் என்பதற்கு வாக்கியத்துக்கு ஒரு பிரெஞ்சு "வுய்" சேர்த்து, அவரை "முசியே முருகையன்" என்றேன்.

எதிர்ப்பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டார். இங்கே எல்லாரும் வெப்எம்தான் பார்க்கிறோம், எம்பிஃபோர் அனுப்பினால் திறக்கவே மாட்டேன் என்று சொன்னேன். பின்னால் ஒரு மாடு கத்தியது. போனைக் கையால் பொத்தினேன். அண்ணன், என்னம்மா அது என்று கேட்டார். டிவி என்றேன். பத்து நிமிஷம் கழித்து ஒன்றும் தெரியாதவளாய்க் கடைக்குள் நுழைந்தபோது அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: "பாரீஸ்லயே வெப்எம்தான் ஓடுதாம். இங்க ஒக்காந்துனு இருக்கற உனக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது?"

பாரீஸ் முறை

வெப்எம்மாக மாற்றியதும் ஒரே தடவையில் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா பார்த்துவிட்டார். தேதி குறித்துக் கல்யாண வீடியோவும் எங்களுக்கே வந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் அண்ணன் பெயின்டரைக் கூட்டிவந்து, "இங்கு பாரீஸ் முறையில் வெப்எம் வீடியோ செய்து தரப்படும்" என்று வாசலில் பலகை எழுதிவிட்டார். பாகூரிலிருந்து, திருவாண்டார்கோயிலிலிருந்து எல்லாம் ஆள் வந்தது. பழைய போன் வைத்திருந்த ஒருவருக்கு ஓடவில்லை. எம்பிஃபோரிலும் ஒரு பிரதி கொடுப்போம் என்று நான் சொல்ல, அண்ணன் அவரிடம் போனை மாற்றச் சொன்னார்.

அந்த அம்மா மறுபடி கூப்பிட்டாரா என்று அண்ணன் தினமும் கேட்பார். நான் இல்லை என்பேன். ஒருநாள் ஏழுமலை ஐயா பத்திரிகை வைக்க வந்தார். அண்ணன் அவர் கையைப் பிடித்து, உங்க சம்பந்தியம்மா போன் பண்ணித்தான் எனக்குக் கண்ணே திறந்தது என்றார். நான் மானிட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டேன். ஐயா பத்திரிகையை மேசைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: "ஆபரேஷன் ஆயி எங்கிட்டயே பேசல. ஒங்கிட்ட பேசினாங்களா?"

வந்துவிட்டார்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு காலையில் கடை வாசலில் கார் நின்றது. ஏழுமலை ஐயா இறங்கிக் கதவைத் திறந்தார். கைத்தடியோடு ஓர் அம்மா. அண்ணன் ஓடிப்போய்க் குனிந்து "வுய், வுய், வாங்கம்மா" என்றார். அந்த அம்மா ஐயாவைப் பார்த்தார். பிறகு அடித்தொண்டையில், அச்சு அசல் வில்லியனூர் மார்க்கெட்டில் கேட்கும் கட்டைக் குரலில், ஃபேனைப் போடச் சொன்னார்.

அண்ணன் கை ஸ்விட்சிலேயே நின்றது. போனில் பேசினீர்களே என்று இழுத்தார். நான் எங்கே பேசினேன், எனக்கு உங்க கடை நம்பரே தெரியாதே என்றார் அந்த அம்மா. லிங்க் வந்தது, தொட்டேன், நிற்காமல் ஓடியது, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். அண்ணன் லேண்ட்லைனைப் பார்த்தார். ஐயாவைப் பார்த்தார். நான் கீபோர்டில் இல்லாத எழுத்தையெல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன். என் குட்டிப் படம் திரையின் ஓரத்தில் சின்னதாகத் தெரிந்தது. இன்னும் ஒரு வாரம் கிடைத்தால் முடிந்துவிடும்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, தட்டு மாற்றுவது எந்த இடத்தில் வருகிறது, இன்னொரு தடவை காட்டம்மா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "இதோ வருதும்மா" என்றேன். வந்தது என் குரல் இல்லை. அதே அடித்தொண்டை, அதே கட்டை, அவர் குரலேதான். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. அந்த அம்மா தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அண்ணன் வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். மாட்டுத் தீவனக் கடை இருக்கும் திசையை ஒருமுறை பார்த்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் குனிந்தார்: "உன்ன இப்பவே தொறத்தணும்டி. ஆனா ஏன் தொறத்தினன்னு ஊரு கேட்டா, நா அந்தப் பலகைய இல்ல மொதல்ல கழட்டணும்."

நம் கொம்யூன் பஞ்சாயத்தில் இனாமாகக் கிடைக்கும் ஒரு நல்ல பொருளை யாராவது தொடவேண்டுமென்றால், அதற்கு ஒரு பொய்யின் விலையையாவது ஒட்டித்தான் விற்கவேண்டியிருக்கிறது.