ஒரு சிடி, ஆறு கம்ப்யூட்டர்

ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்பது, அடுத்தவர் கெடுத்ததற்கெல்லாம் நாம் பதில் சொல்லும் வேலை. அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளின் கடைசியில், கணபதி என்ற ஊரில் ஒரு பம்பு கம்பெனியில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

முருகன் பாட்டு

பழைய பம்புகளின் உதிரிபாகப் படங்களை எட்டு மாதம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து, வெளியே கொடுத்து ஒரு சிடியில் ஏற்றி வாங்கினேன். சிடி டிரைவ் மேனேஜரின் கம்ப்யூட்டரில் மட்டும்தான். நெட்வொர்க்கில் அதைப் பகிர்ந்து, டிசைன் பிரிவின் ஐந்து கம்ப்யூட்டரிலும் படம் தெரிய வைத்தேன்.

தினமும் காலையில் ஐந்து பேருக்கும் படம் மறைந்துவிடும். ஓடிப்போய்ப் பார்த்தால், மேனேஜர் என் சிடியைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டு, முருகன் பாட்டு சிடியை ஓடவிட்டுக் கண்மூடி உட்கார்ந்திருப்பார். ஐந்து பேர் வேலை நிற்கிறது என்றேன்.

"நிக்கட்டுமுங்க தம்பி. அவிங்களுக்கும் சேர்த்துத்தான் கும்பிடறேன்."

ஒண்ணு போதும்

ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுத்தால் சிடியை அதில் நகலெடுத்து அங்கிருந்தே பகிர்ந்துவிடுவேன் என்று நாலு முறை எழுதிக் கொடுத்தேன். அவர் செய்தது வேறு. ஸ்கேன் செய்த கம்ப்யூட்டரில் இடமில்லை என்று அதிலிருந்த படங்களை அழிக்க வைத்தார். சிடிதான் வந்துவிட்டதே என்று, அசல் காகிதங்களை மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டார். இன்னொரு சிடியாவது எழுதி வைக்கலாம் என்றேன்.

"கோயிலுக்கு மூலவர் ஒண்ணு போதாதுங்களா?"

ஆயுத பூஜை

பூஜையன்று எல்லா கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், மாலை. சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் என் சிடி. எடுத்துப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கீறல், மேல்பூச்சு பாதி உரிந்திருந்தது. குத்துவிளக்கைத் தேய்த்த கையோடு மேனேஜர் அதையும் தேய்த்திருந்தார். என் எட்டு மாதமும் போயிற்று. அவர் முகத்திலோ அத்தனை திருப்தி.

"சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ச்சுப்போட்டேனுங்க. கண்ணாடியாட்டம் இருக்குது பாருங்க."

வாழைக்குத் தண்ணி

மறுவாரம் தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். எங்கள் பழைய பம்புதான்; உள்ளே சுற்றும் இம்பெல்லர் அரித்துப்போய் அளவெடுக்க வழியில்லை. வாழைக்குத் தண்ணீர் பாய்ந்து நாலு நாள் ஆகிவிட்டதாம். படம் இருந்தால் உடனே வார்த்துவிடலாம். கம்ப்யூட்டரில் பழுது என்று மேனேஜர் என்னைக் கைகாட்டினார். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. விளக்குத் தேய்த்தது முதல் பழைய பேப்பர் வரை அத்தனையையும் அவர் எதிரிலேயே கொட்டிவிட்டேன்.

விவசாயி பொறுமையாகக் கேட்டார். பிறகு மஞ்சப்பையிலிருந்து, பம்பு வாங்கியபோது நாங்களே கொடுத்த அளவுப்படத்தை எடுத்து விரித்தார். மடிப்பில்கூடக் கிழியவில்லை. அதை ஸ்கேன் செய்துகொண்டு, அன்றே இம்பெல்லரை வார்க்கக் கொடுத்தோம். கிளம்பும்போது மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்:

"இருபது வருசமா சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா வெச்சிருக்கறனுங்க. நாங்க வெளக்கத்தானுங்க தேய்ப்போம், காயிதத்தத் தேய்க்கறதில்லீங்க."

நான் கேட்ட ஹார்ட் டிஸ்க் மறுநாளே வந்து சேர்ந்தது. மிச்சமிருந்த அந்த ஒரே ஒரு படத்தை அதில் ஏற்றி, ஆறு கம்ப்யூட்டருக்கும் பகிர்ந்து வைத்தேன்.