புழு தேடி வந்த வாய்

பல்லைத் தின்பது புழு என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். அது எல்லார் வாயிலும் ஏறிவிடாது. ரத்தத்தில் இனிப்பு உள்ளவர்களைத்தான் தேடிப் போகும் என்பது அம்மாவின் துணிபு. என்னைவிட மூன்று வயது இளையவளான தங்கைக்கு, ஏழு வயதில் கடைவாய்ப்பல்லில் கறுப்பு விழுந்தது. அதைக் கேட்டதும் என் மனத்தில் எழுந்தது இரக்கமன்று. புழுவுக்குக்கூட அவள்தான் வேண்டியிருந்தது.

அப்பாவுக்குத் திருவண்ணாமலைத் தேரடியில் கடை. சூடம், பொரி, கடலை, கற்கண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் தங்கை கடைக்குப் போவாள். நான் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் பிடிப்பேன். பிறந்ததிலிருந்தே அவள் நோஞ்சான். அவளைத் தம் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, வாயில் ஒரு கற்கண்டைப் போடுவார் அப்பா. அது கரைந்ததும் இன்னொன்று. காப்பித் தூக்குடன் நான் போய் நிற்கும்போதெல்லாம் அவள் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருக்கும்.

"எனக்குப்பா?"

"நீ பெரியவ இல்ல? இன்னாடி, அவளோட போட்டி போட்டுக்கினு."

வெறும் தூக்கை எடுத்துக்கொண்டு திரும்புவேன். கற்கண்டின் மேல் எனக்கு அத்தனை ஆசை இருந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அந்தப் புடைத்த கன்னத்தின் மேல்தான் ஆசை.

வலி வந்ததும் அம்மா அவளைக் கீழ்பென்னாத்தூருக்குப் புகை பிடிக்க அழைத்துப் போனாள். அங்கே ஓர் அம்மாள், பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் எண்ணெயில் பிசைந்த கண்டங்கத்திரி விதையைப் போட்டு, புகையைக் குழாய் வழியாக வாய்க்குள் செலுத்துவாள். பிறகு, கீழே வைத்த தண்ணீர்த் தட்டில் மிதக்கும் வெள்ளைத் துணுக்குகளைக் காட்டி, "பாரும்மா, புழு" என்பாள். பஸ்ஸில் சன்னலோர இடம், திரும்பும் வழியில் வறுத்த வேர்க்கடலை, அம்மாவின் மடி என்று தங்கை வந்து விவரிப்பாள். நானும் வருகிறேன் என்று ஒருமுறை கேட்டேன்.

"உன் பல்லுதான் நல்லா கீதே, நீ எதுக்கு?" என்றாள் அம்மா.

நன்றாயிருப்பதற்கு இப்படியொரு தண்டனை உண்டென்று அன்று தெரிந்தது.

புகைக்குப் பின் சில நாள் வலி அடங்கும், மறுபடி வரும். ஒருநாள் காலையில் அவள் தாடை வீங்கி, காய்ச்சலும் கண்டது. அன்று பள்ளி விடுமுறை. பையைத் தூக்கிக்கொள்ள ஆள் வேண்டுமென்று அம்மா என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். என் வாழ்வில் முதன்முறையாக அவளுடைய வலிக்குள் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

பல் டாக்டர் நடுவயதுப் பெண்மணி. புழு என்று அம்மா ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார்.

"புழுவும் இல்ல, ஒன்னும் இல்லம்மா. சூடு பட்டு வெதை வெடிக்குது, உள்ள இருக்கற வெள்ளைதான் தண்ணில வுழுது. பல்லு மேல கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்குது. நாம தின்ற சக்கரைய அதுவும் தின்னு, புளிப்பா ஒரு அமிலம் வுடும். அதுதான் பல்ல அரிக்குது. எச்சில் அதை மெதுவா சரி பண்ணிடும். ஆனா அதுக்கு நேரம் குடுக்கணும். நாள் பூரா வாயில இனிப்பு இருந்தா எப்படி சரியாவும்?"

"பால் பல்லுதானே டாக்டர், வுழுந்து மொளச்சுடும்னு இருந்தோம்."

"இது ஆறு வயசுல வர்ற பல்லும்மா. திரும்ப மொளைக்காது."

பிறகு என்னை அருகே அழைத்து வாயைத் திறக்கச் சொன்னார். விளக்கைச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார்.

"ஒரே வூட்டுப் பொண்ணுங்கதானே? இவளுக்கு ஒரு பல்லுகூட கெடலியே, எப்படி?"

"இவளுக்கு நாங்க எதுவும் குடுக்கறதில்லைங்க."

பட்டென்று சொல்லிவிட்டாள் அம்மா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது போலும். பல்லைப் பிடுங்கி முடியும்வரை, தங்கையின் தலையை ஒரு கையால் அணைத்திருந்தவள், மறுகையால் என் மணிக்கட்டைப் பிடித்தே இருந்தாள்.

அன்று முதல் கடையில் அவளுக்குக் கற்கண்டு கொடுப்பது நின்றது. ராத்திரிச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு துண்டு. உடனே வாய் கொப்பளித்து, பல் துலக்கிவிட்டுத்தான் படுக்கை. அப்பாவே பக்கத்தில் நின்று பார்ப்பார். என் துண்டு சற்றுப் பெரிதாக இருக்கும். அதை வாங்கும்போது எனக்குள் எந்த வெற்றியும் இல்லை. அவள் சிறியதை வாங்கிக்கொண்டு, ஓட்டைப் பல்லோடு சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குப் பொறாமைதான். யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிராத குழந்தையின் சிரிப்பு அது.

"உனக்கின்னாக்கா, இந்த வயசுலயும் கரும்பு கடிக்கற" என்பாள் இப்போது, தன் செயற்கைப் பல்லைத் தண்ணீரில் போட்டபடி. நான் அடுத்த துண்டைக் கடிப்பேன். அப்பா போய், அம்மாவும் போய்விட்டாள். தேரடிக் கடையில் வேறு யாரோ இருக்கிறார்கள். நாங்கள் இருவரும் இருக்கிறோம்.