வலையை உரசிய வளையம்

தொலைக்காட்சியில் செம்மண் தரை டென்னிஸின் இறுதி ஆட்டம். எதிராளியின் பந்து வலையை உரசி விழுந்ததும், பக்கத்தில் இருந்த அக்காவின் கை தானாக முன்னால் நீண்டது. ஆடிய பதினேழு வயதுப் பெண்ணோ பாய்ந்து அடித்துப் பட்டத்தை வென்றுவிட்டாள்.

எழுபதுகளில் அருப்புக்கோட்டையில் எங்கள் தறிக்காரர் தெருவில் காலையில் இடுப்பளவு உயரத்தில், நெசவுக்குக் கஞ்சி போட்ட நூல் பாவு தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கும். கஞ்சி வாசத்துக்கு நடுவே, அதையே வலையாக வைத்து நானும் அக்காவும் ரப்பர் வளையம் எறிந்து விளையாடுவோம். வளையம் பட்டு இழை அறுந்தால் ஆட்டத்தை நிறுத்தி, உடனே முடிச்சுப் போட வேண்டும். அது அப்பா உத்தரவு.

பள்ளிக்காக அக்கா ஆடிய மாவட்ட வளையப்பந்துப் போட்டியின் கடைசிப் புள்ளியில், எதிராளியின் வளையம் வலையை உரசிக்கொண்டு வந்தது. அக்கா அதைப் பிடிக்காமல் வலைப்பக்கம் குனிந்தாள். தோற்றாள்.

"என்னத்தடி தேடுன?" என்றார் விளையாட்டு டீச்சர்.

"நூலு அந்துருச்சோன்னு பாத்தேன் டீச்சர்."

திரையில் அந்தப் பெண் செம்மண்ணில் மல்லாந்து கிடந்தாள்.

"அவ வலையத் திரும்பிக்கூடப் பாக்கலடா," என்றாள் அக்கா.