நீச்சல் குளத்தோரம் இரண்டு நைட்டிகள்

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மார்த்தாண்டத்தில் வீட்டு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றபோது, மாமி தன் பையை மூன்றாவது முறையாகத் திறந்து பார்த்து மூடினார். உள்ளே இருந்தவை எனக்கு மனப்பாடம். இரண்டு நைட்டி, மூன்று துண்டு, வேதப்புத்தகம், முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம், ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸ். எல்லாவற்றுக்கும் அடியில், செய்தித்தாளில் சுற்றி, கறுப்பு நைலானில் முழுக்கை மேல்சட்டையும் கணுக்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் கால்சட்டையும் கொண்ட ஒரு நீச்சல் உடை. சந்தைக்குப் பக்கத்துக் கடையில் 1,450 ரூபாய்க்கு நான் வாங்கியது. அளவை மாமி என் காதில்தான் சொன்னார்.

நான் கோவைக்காரி. கட்டடங்களுக்குத் தண்ணீர்க் குழாய் வரைபடம் போடுவது வேலை. எங்கள் பக்கத்தில் கணவரின் அம்மாவை அத்தை என்போம், இங்கே மாமி, அவர் கணவர் மாமா. கணவர் ஜெபின் வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருந்தார். நீச்சல் குளம் உள்ள விடுதியில் ஓர் இரவு தங்கும் இந்தப் பயணத்துக்கு ஊருக்குச் சொன்ன காரணம் அவருடைய விடுப்பு. உண்மையான காரணம் மாமியின் இரண்டு முழங்கால்கள். மார்த்தாண்டத்தில் அவருக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் பெண், இடுப்புக்கு மேல் தண்ணீரில் நடந்து பாருங்கள், வலி குறைந்தால் மேற்கொண்டு பழக்கலாம் என்று சொல்லியிருந்தார்.

சிக்கல் தண்ணீரில் இல்லை, உடையில் இருந்தது. மாமி எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி. போன மாதக் கூட்டத்தில், கொயரில் பாடும் பெண்பிள்ளைகள் காலை இறுக்கிப் பிடிக்கும் லெக்கின்ஸ் போட்டு வரக் கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். அதில் முதல் கையெழுத்து மாமியுடையது.

“ஒரு ஈ காக்கா குஞ்சுக்கும் தெரியக் கூடாது, கேட்டியா மக்கா?” என்று காரில் ஏறும்போதும் சொன்னார்.

டிரைவர் அண்ணன் பேச்சுக்காரர். மார்த்தாண்டம் சந்திப்பு நெரிசலில் ஊர்ந்துகொண்டே கேட்டார். “நம்ம நாட்டுல குளத்துக்கும் ஆத்துக்குமா பஞ்சம்? ரூபா குடுத்துல்லா குளிக்கப் போறிய!”

“குளிக்கவா போறோம்? சும்மா காத்து கொள்ளப் போறோம்” என்றார் மாமி, பையை மடியில் அணைத்தபடி.

சிதறால் மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர். வழியில் இறங்கிப் பார்க்க வேண்டிய இடம். அடிவாரத்திலிருந்து கல் பாவிய பாதை, ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பாறைகளுக்கு நடுவே வளைந்து மேலே போகிறது. உச்சியில் பாறை முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டு அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே தென்னையும் ரப்பரும் கிழக்கு மலை வரை ஒரே பச்சையாகக் கிடக்கின்றன. மதிய வெயிலில் ஏறாதீர்கள். நானும் ஜெபினும் ஏறினோம், வருந்தினோம்.

மாமி ஏறவில்லை. மாமாவும் டிரைவர் அண்ணனும் சாயா குடிக்கப் போக, அடிவாரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து என் போனில் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“போட்டோல எல்லா மலையும் சின்னதாத்தான் இருக்கு” என்றார். பிறகு, “இவ்வளவு பக்கத்துல இருந்துட்டு ஒருக்கா கூட ஏறல்ல. பிள்ளைய வளந்து, நேரம் கிடைச்ச பொறவு முட்டு சம்மதிக்கல்ல.”

குரலில் புகார் இல்லை. எழுந்திருக்க என் கையைக் கேட்டார், அவ்வளவுதான். அந்தக் கையின் பாரத்தில், நாளைக் காலை இவர் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

நாலரை மணிக்கு விடுதி. மலையடிவார ரப்பர் தோட்டத்துக்குள் எட்டு அறைகள், அறைக்குக் காலை உணவுடன் 4,200 ரூபாய். அமைதியை விரும்பி வருபவர்களுக்கான இடம். ரப்பர் இலை விழும் சத்தம் கேட்கிறது. நீச்சல் குளம் பன்னிரண்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்றரை அடியில் தொடங்கி ஐந்து அடியில் முடிகிறது. காலை ஆறரை முதல் மாலை ஏழு வரை திறந்திருக்கும். அறிவிப்புப் பலகையில் வழக்கமான விதிகள்: குளித்துவிட்டு இறங்கவும், தின்பண்டம் கூடாது, அமைதி காக்கவும். நான்காவது விதி தடித்த எழுத்தில்: சேலை, நைட்டி, லுங்கி உள்ளிட்ட பருத்தி உடைகளுடன் இறங்கக் கூடாது, நைலான் மட்டும்.

அன்று மாலை நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு குடும்பம் குளத்தில் இருந்தது. நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பலகையில் இல்லாத விதிகளைக் கவனித்தேன். நாற்காலியில் துண்டு போட்டால் அது அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம், அடுத்த நாள் வரையிலும். முதலில் ஆண்களும் பிள்ளைகளும் இறங்குகிறார்கள். பெண்கள் துண்டையும் செருப்பையும் காவல் காக்கிறார்கள். எல்லாரும் பத்து நிமிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். பிறகு இந்தப் பக்கத்துப் பேச்சுக்கே உரிய ராகம் மேலே ஏறுகிறது. உடனே ஒருவர், “ஏலே, பைய பேசுல!” என்று அதைவிட உரக்க அதட்டுகிறார்.

ஆனால் எனக்குப் பிடித்துப்போனது வேறு. வீட்டின் இளம் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கிப் படியருகே வந்தாள். கொழுந்தனுக்குத் திடீரென்று சாயா நினைவு வந்து கரையேறிப் போனான். பெரியவர் தன் நாற்காலியைத் தூக்கி ரப்பர் மரங்களைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். அவள் இறங்கினாள். எங்கள் கோவை அடுக்ககத்து நீச்சல் குளத்தில் ‘பெண்கள் நேரம் ஐந்து முதல் ஆறு வரை’ என்று பலகையே உண்டு. அந்த ஒரு மணி நேரமும் பால்கனிகளில் ஆட்களும் உண்டு.

சனிக்கிழமை காலை ஆறே முக்கால். மாமி நீச்சல் உடையை உள்ளே போட்டு, மேலே நைட்டி, அதற்கு மேல் துண்டு என்று மூன்று அடுக்காகத் தயாரானார். குளத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், நைட்டியைக் கழற்றுகிறோம், இறங்குகிறோம், எட்டரைக்குள் ஏறுகிறோம் என்பது திட்டம். நாகர்கோவில் குடும்பம் இன்னும் எழவில்லை. பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும்.

குளத்தில் யாரும் இல்லை. ஆனால் குளத்தோரத்தில், பூப்போட்ட நைட்டியும் தோளில் துண்டுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாமி என் கையை இறுக்கிப் பிடித்தார். அவர் செலின் ஆன்டி, எங்கள் சபைக்காரர். பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். தீர்மானத்தில் இரண்டாவது கையெழுத்து அவருடையது.

“ஏட்டி செலின்! நீ எப்ப வந்த?”

“அக்கா!” செலின் ஆன்டி முழுதாக எழாமல், பாதி எழுந்து உட்கார்ந்தார். “ராத்திரிதான் வந்தோம். மருமவன் புக் பண்ணித் தந்தான். சும்மா காத்து கொள்ளதுக்கு.”

“நாங்களும் அதுக்குத்தான்” என்றார் மாமி.

அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். சற்றுத் தள்ளி செலின் ஆன்டியின் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த மாமா போய் அவர் பக்கத்தில் அமர்ந்தார். ரப்பர் விலையில் தொடங்கினார்கள்.

இந்தப் பக்கம் போதகரின் இடமாற்றம், மணவாளக்குறிச்சி மீனின் விலை, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டில் பாயசம் தீர்ந்த கதை எல்லாம் வந்தன. தண்ணீரில் இறங்குவது மட்டும் பேச்சில் வரவில்லை. இரண்டு பேர் கண்ணும் தண்ணீர்மேல்தான் இருந்தது.

“வெள்ளம் நல்லா தெளிஞ்சு கிடக்கு” என்றார் மாமி ஒருமுறை, குளத்துத் தண்ணீரைக் காட்டி.

“கண்ணுக்குக் குளிர்ச்சிதான்” என்றார் செலின் ஆன்டி.

ஏழரை ஆயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. “காலையாவது நனைச்சுட்டு உக்காருங்களேன்” என்றேன்.

இருவரும் ஒரே நேரத்தில் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள். “வேண்டாம் மக்கா, சளி பிடிக்கும்” என்றார் மாமி. “எனக்கும் இந்தக் குளிர் ஒத்துக்காது” என்றார் செலின் ஆன்டி. ஐப்பசிகூடப் பிறக்கவில்லை. காலையிலேயே வியர்த்துக்கொண்டிருந்தது.

என் தலைக் கிளிப் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன். மாமியின் நைட்டி ஓரத்துக்குக் கீழே ஒரு விரல் அகலம் கறுப்பு நைலான். நல்லவேளை, கால் நாற்காலிக்கு அடியில் இருந்ததால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அடுத்த நாற்காலியின் பூப்போட்ட ஓரத்துக்குக் கீழேயும் ஒரு விரல் அகலம் கறுப்பு நைலான்.

நிமிர்ந்தேன், கிளிப்பை மாட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொன்னால் இருவரில் ஒருவர் பிடிபட்டவர் ஆவார், மற்றவர் பார்த்தவர் ஆவார். அந்தச் சங்கத்தில் அவர்கள் இன்னும் பல வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டியவர்கள். அறைப் பக்கமிருந்து நாகர்கோவில் பிள்ளைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது. மாமி தண்ணீரைப் பார்த்துவிட்டு, மடியிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தார். போதும் என்று முடிவு செய்பவரின் மடிப்பு அது.

அப்போது செலின் ஆன்டி, “ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன் அக்கா” என்று எழுந்தார். எழ முடியவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்து, “ஏசுவே” என்று முனகி, முழங்காலைப் பிடித்தபடி நின்றார்.

மாமியின் கை துண்டின் மேல் நின்றது. “உனக்கும் முட்டா?”

“ஒரு வருசமாச்சுக்கா. பஸ் ஏற முடியல்ல.”

“யாருகிட்ட காட்டுன?”

“அந்தப் பிசியோ பிள்ள இருக்குல்லா, மார்த்தாண்டத்துல...”

“வெள்ளத்துல நடக்கச் சொல்லிச்சா?”

செலின் ஆன்டி நைட்டி ஓரத்தைக் கீழே இழுத்துவிட்டார். அதுவே பதில். மாமி எழுந்து நின்றார்.

“பிரசிடென்ட் நான்தான். முதல்ல நான் காட்டுறேன்” என்று நைட்டியை ஒரு சாண் தூக்கினார்.

செலின் ஆன்டி குனிந்து பார்த்தார். “அம்மோ! எனக்கதும் இதேதான். சந்தைக்குப் பக்கத்துக் கடையாக்கும்?”

“ஆயிரத்து நானூத்தம்பது.”

“எனக்க மருமவ ஆயிரத்து எறநூறுக்கு வாங்கிட்டாளே!”

அதற்குப் பிறகு வந்த சிரிப்பு விடுதியின் மூன்றாம் விதியை உடைத்தது. குளத்தைக் கவனிக்கும் விஜயன் அண்ணன், நாற்பது வயதுக்காரர், வாயில் விரலை வைத்தபடி வேகமாக வந்தார். நிலைமையைப் பார்த்தார். வந்த வேகத்திலேயே திரும்பி, எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

“போன்!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

குளியலறை வாளி வந்தது. மாமாவின் போன், செலின் ஆன்டி கணவரின் போன், அப்போதுதான் வந்து சேர்ந்த ஜெபினின் போன், என்னுடையது, கடைசியில் விஜயன் அண்ணனுடையதும் உள்ளே போயின. மேலே துண்டு போட்டு மூடினார்கள். “சபை வாட்சப் குரூப்புல ஒரு காலு தெரிஞ்சுது, பின்ன பாத்துக்கோ” என்று பொதுவாக எச்சரித்தார் செலின் ஆன்டி. மூன்று ஆண்களும் தங்கள் நாற்காலிகளைத் தூக்கித் திருப்பி, ரப்பர் மரங்களைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தார்கள். ரப்பர் விலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இருவரும் நைட்டியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கைப்பிடியைப் பற்றிப் படி படியாக இறங்கினார்கள். மேல்சட்டைக்குள் காற்று புகுந்து இருவரும் பலூன் போல உப்பினார்கள். ஒருவரை ஒருவர் அமுக்கிவிட்டுச் சிரித்தார்கள். பிறகு கைகோர்த்து நடந்தார்கள். மார்பளவுத் தண்ணீர் உடலின் பெரும்பாரத்தை வாங்கிக்கொள்ளும். எனக்கு அது பாடத்தில் படித்த கணக்கு. மாமிக்கு அது செய்தி.

“முட்டு இருக்கா இல்லியான்னே தெரியல்ல மக்கா” என்றார் நடுக் குளத்திலிருந்து. முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

மூன்றாவது நடையில், “அக்கா, அந்த லெக்கின்ஸ் தீர்மானம்...” என்று இழுத்தார் செலின் ஆன்டி.

“நட” என்றார் மாமி. “பொறவு பாப்போம்.”

நாகர்கோவில் குடும்பம் வந்தபோது நிலைமை சொல்லாமலே விளங்கிவிட்டது. பிள்ளைகளை ஊஞ்சல் பக்கம் திருப்பி அனுப்பினார்கள். பெரியவர் தன் நாற்காலியைக் கொண்டுவந்து, ரப்பர் மரம் பார்க்கும் வரிசையில் நான்காவதாகப் போட்டார்.

பதினொரு மணிக்குக் கிளம்பினோம். போக நினைப்பவர்களுக்கு: நைலான் உடையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அங்கே வாடகை உடை 200 ரூபாய், இரண்டே அளவுதான். முன்பதிவு செய்யும்போது மலையடிவாரத்தின் அமைதியைப் பற்றிச் சொல்வார்கள். அமைதி நன்றாகவே இருக்கிறது. நாற்காலியைத் திருப்பிப் போடும் மனிதர்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை. நான் திரும்பப் போவது அவர்களுக்காகத்தான்.

திரும்பும் வழியில் சிதறால் அடிவாரம் வந்ததும் காரை மெதுவாக ஓட்டச் சொல்லி, மாமி பாதையை ஒருமுறை மேல் வரை பார்த்தார்.

வீட்டில் ஈர உடையை எங்கே காயப்போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கக் கொடியில் போட்டு மேலே ஒரு போர்வை விரித்தால் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லப் போனபோது மாமியைக் காணோம். முன்முற்றத்தில் நின்றிருந்தார். அங்கிருந்த கொடியில், மாமாவின் லுங்கிக்கும் ஜெபினின் சட்டைக்கும் நடுவே, சாலையைப் பார்த்தபடி, இரண்டு கறுப்புக் கால்களும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கொயர் பயிற்சி. பிள்ளைகள் அந்த வழியாகத்தான் ஆலயத்துக்குப் போவார்கள் என்பது மாமிக்குத் தெரியாததல்ல. நாலைந்து பேர் வந்தார்கள். கொடியைப் பார்த்து நின்றார்கள். ஒருத்தி துணிந்து கேட்டாள்.

“ஆன்டி, இது யாருக்க லெக்கின்ஸ்?”

“எனக்கதாக்கும்” என்றார் மாமி. “செலினுக்கும் ஒண்ணு இருக்கு. அவ வீட்டு வழியாப் போனா பாத்துக்கோங்க.”

பிள்ளைகள் இரண்டு வீடு தாண்டும் வரை வாயைப் பொத்திக்கொண்டே போனார்கள். அதற்கு மேல் முடியவில்லை. அவர்கள் சிரிப்பு முற்றம் வரை கேட்டது. மாமி அதைக் கேட்டபடியே, காற்றில் நழுவிய ஒரு காலை இழுத்து நேராக்கி, இன்னொரு கிளிப் மாட்டினார்.